ஏழாவது சுமங்கலி

ஆவணி பிறந்த அடுத்த நாள், சனிக்கிழமை காலை, புஸ்பராணி சின்னம்மா ரொறொன்ரோவை விட்டுப் புறப்பட்டார். அந்த நகரின் வோபர்ன் பகுதியில் மாமாவின் வீட்டு வாசலில் நின்ற வாடகைக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்து, விளக்குகளைப் போட்டு அணைத்து, அதன் பிறகே கதவைத் திறந்தார். பாடசாலை பஸ் ஓட்டுகிறவர்கள் தினமும் காலையில் செய்ய வேண்டிய சோதனை அது. பல வருடப் பழக்கம். தேங்காய் வாங்கக் கடைக்குப் போவதென்றாலும் அந்த ஒரு சுற்று இல்லாமல் அவர் ஏறமாட்டார்.

வழியனுப்ப எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். சின்னம்மாவின் அண்ணன் இராஜரட்ணம் மாமா முன்சில்லுகளின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். அவருடைய மனைவி தவமலர் மாமி கட்டுச்சோறு கட்டித் தந்தார். அவர்களுடைய ஒரே மகன் ஜனார்த்தனன், எங்களுக்கு ஜனா, தங்கப்போகும் இடங்களையெல்லாம் சின்னம்மாவின் போனில் ஏற்றி, எதை அமத்தினால் எது வரும் என்று மறுபடியும் சொல்லிக் கொடுத்தான். அந்தப் பயணமே அவனுடைய பரிசு. அவனுக்குக் கலியாணம் இரண்டு கிழமையில் இருந்தது. காரும் அறைகளும் அவன் காசிலேயே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. கிழக்கே சின்னச் சின்ன ஊர்களாகப் பார்த்துக்கொண்டு நியூ பிரன்சுவிக் கடற்கரை வரை போய்த் திரும்ப வேண்டும்.

"மாமி, நீங்க காலம் முழுக்க ஒரே றோட்டத்தானே சுத்துறீங்க. ஒருக்கா கடல் மட்டும் போயிட்டு வாங்க," என்றான் ஜனா சின்னம்மாவிடம்.

மாமா, அவசரப்பட வேண்டாம், நின்று நின்று போங்கள் என்றார். பக்கத்துக் கடைக்குப் போனாலும் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கிற மனிதர் அவர். அன்று அது சின்னம்மாவுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

நான் சின்னம்மாவின் மூத்த அக்காவின் மகள், யதுஷா. மூன்று வருடம் நாடு நாடாக அலைந்துவிட்டு அந்த வசந்த காலத்தில்தான் திரும்பியிருந்தேன். வேலை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இருந்திருப்பேனா என்பது வேறு கதை. துணைக்குப் போகிறாயா என்று ஜனா கேட்டபோது எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் ஓம் என்றேன்.

சின்னம்மா மட்டக்களப்பு மாமாங்கத்தில் பிறந்தவர். தேவராசா சித்தப்பாவைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில், மரம் அரியும் மரக்காலையில் வேலையில் நின்றவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலருடைய உடல் வந்தது. சித்தப்பாவைப் பற்றி நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. அவர் செத்துப்போனதாக யாரும் வந்து சொல்லவில்லை, ஆகவே சின்னம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன.

மாமா அவரைக் கனடாவுக்கு எடுத்தபோது, விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, தேவனும் ஒருநாள் இந்த வாசலால் வருவார் புஸ்பம் என்றாராம். அதன் பிறகு அந்த வீட்டின் சட்டம் அதுதான். அழைப்பிதழ்கள் திரு திருமதி தேவராசா என்ற பெயருக்கே வந்தன. நவராத்திரியில் வெற்றிலையும் குங்குமமும் கொடுக்கும்போது மாமி முதலில் கொடுத்தது சின்னம்மாவுக்கு. யாராவது புதிய மனிதர் கேட்டால், அவர் ஊரில் என்று மாமி சொல்லிவிட்டு உடனே தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சின்னம்மா அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

மாமாவுக்கும் மாமிக்கும் அப்போது இரண்டு இரண்டு வேலை. ஜனா பிறந்து மூன்றாம் மாதத்திலிருந்து சின்னம்மாவின் இடுப்பில். அவன் ஆங்கிலத்தில் கேட்டால் காது கேட்காதவர் போல் இருப்பார், தமிழில் கேட்டால்தான் பிஸ்கட் வரும். அதனால்தான் எங்கள் தலைமுறையில் அவனுடைய தமிழ் நன்றாக இருந்தது. அவன் உயர்பள்ளிக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடியது. பஸ் ஓட்டப் பழகினார். குள்ளமான உருவம், அவ்வளவு பெரிய மஞ்சள் பஸ். முதலில் மாமா சிரித்தார், பிறகு தன் நண்பர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னார். பஸ் பிள்ளைகள் பொட்டைப் பார்த்து அவரை 'மிஸ் டொட்' என்று கூப்பிடுவார்கள்.

அந்தப் பயணம் முழுவதும் அவர் பேசியது பொன்னுருக்கைப் பற்றித்தான். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில், கலியாணத்துக்கு முன், நல்ல நாள் பார்த்து உருக்குவது எங்கள் வழக்கம். தட்டில் பூவும் மஞ்சளும் பொன் நாணயமும் வைத்து, ஏழு சுமங்கலிகள் ஒவ்வொருவராகத் தொட்டு வாழ்த்திய பிறகே தட்டார் நெருப்பை மூட்டுவார். பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை நாங்கள் வீடு திரும்புவோம், அதே கிழமை வியாழன் பொன்னுருக்கு என்று மாமி நாள் சொல்லியிருந்தார். ஏழு பேரில் முதல் ஆள் சின்னம்மா என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அவர் நினைத்தார். அரக்கு நிறத்தில் புதுச் சேலை எடுத்து, சட்டையும் தைத்து வைத்திருந்தார்.

"பெத்தவளுக்கு மணவறையில இடம் இருக்கு. எனக்கு அந்தத் தட்டுத்தான் புள்ள," என்றார், கிங்ஸ்ரன் தாண்டும்போது.

மொன்றியலைக் கடந்ததும் அவர் உற்சாகமாகிவிட்டார். நெடுஞ்சாலையை விட்டு ஆற்றோரப் பாதையில் போகச் சொன்னார். கமுராஸ்கா என்ற ஊரில், வரிசையாக வெள்ளை வீடுகள், ஆறு கடல்போல் அகன்று கிடந்தது. விடுதிக்காரப் பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் விளங்கியது, இவர் 'மதாமா', 'மத்மசேலா' என்று. கலியாணமானவரா இல்லையா என்று கேட்கிறாள் என்றேன்.

"மதாம் எண்டு சொல்லு," என்றார் சின்னம்மா. "வடிவா, அவவுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லு."

ஹார்ட்லண்ட் என்ற ஊரில் ஆற்றுக்குக் குறுக்கே கூரை போட்ட மரப்பாலம் ஒன்று. அப்படியான பாலங்களில் உலகத்திலேயே நீளமானது என்று பலகையில் எழுதியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தால் நினைத்தது நடக்குமாம், பெற்றோல் அடித்த இடத்தில் ஒருவர் சொன்னார். ஓட்டியவர் சின்னம்மா. மூச்சைப் பிடித்தீர்களா என்று மறுகரையில் கேட்டேன். ஓட்டுகிறவள் மூச்சைப் பிடித்தால் இரண்டு பேரும் ஆற்றுக்குள்தான், நினைக்கிற வேலையை நீ பார்த்திருக்க வேண்டும் என்றார்.

புறப்பட்ட ஆறாம் நாள், வியாழக்கிழமை, அல்மா என்ற மீன்பிடி ஊருக்கு வந்து சேர்ந்தோம். கடல் அங்கே வற்றும்போது துறைமுகமே சேறாகிவிடுகிறது. படகுகளெல்லாம் மரக்குற்றிகளின் மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் நின்றன. பின்னேரம் தண்ணீர் திரும்பி வந்து அவற்றைத் தூக்கும் என்றார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்று சின்னம்மா அடம்பிடித்தார். பேக்கரியில் கறுவாப் பணிஸ் வாங்கிக்கொண்டு, கரையோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். அப்போது அவருடைய போன் அடித்தது. விரல்களெல்லாம் சீனிப்பாகு. ஒலிபெருக்கியில் போடச் சொன்னார்.

பேசியது நாகலட்சுமி அன்ரி. மாமா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், கோயம்புத்தூர்க்காரர், சின்னம்மாவோடு மாலையில் நடக்கப் போகிறவர். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அக்கா, ஒரு சந்தேகம். உங்க வீட்டு கேரேஜ்ல ஆசாரி ஒருத்தர் கேஸ் அடுப்போட வந்து உக்காந்திருக்காரு. தங்கத்த உருக்கப் போறாராம். எங்க ஊர்ல கடைக்குப் போய்த் தாலி வாங்கிட்டு வந்துடுவோம், இதெல்லாம் கிடையாது. நான் என்ன பண்ணணும்? தட்டத் தொட்டா போதுமா, ஏதாவது சொல்லணுமா?"

சின்னம்மா பணிஸைக் கடதாசியில் வைத்தார். "நீங்க அங்கயா நிக்கிறீங்க?"

"ஆமாக்கா. ஏழு சுமங்கலி வேணுமாம், ஒரு ஆள் குறையுதுன்னு தவமலர் அக்கா காலையில வந்து கூப்பிட்டாங்க. நீங்க இல்லாத நேரத்துல வச்சுட்டாங்களேன்னு எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

நாங்கள் பொன்னுருக்குவதைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அறிந்திருந்தால் அந்த அழைப்பு வந்திருக்காது. வழக்கம் தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தியதுதான் மாமி விட்ட பிழை. தெரியாததை நாகலட்சுமி அன்ரி யாரிடம் கேட்பார்? தனக்குத் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்டார்.

சின்னம்மா குனிந்து போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். பிறகு பஸ்ஸில் புதிதாக ஏறும் பிள்ளைக்கு பெல்ட் போடச் சொல்லிக் கொடுக்கிற குரலில் பேசினார்.

"தட்ட ரெண்டு கையாலயும் தொடுங்க லட்சுமி. பிள்ளைகள் ரெண்டும் நல்லா இருக்கோணும் எண்டு மனசில நினையுங்க. வேற ஒண்டும் சொல்லத் தேவல்ல."

போனை வைத்தபிறகு, ஐயர் நாளை மாற்றியிருப்பார், சொல்ல மறந்திருப்பார்கள் என்று நான் ஏதோ சொன்னேன். அவர் கடதாசியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மாமாவுக்குப் போன் எடுத்தார். நீண்ட நேரம் அடித்து மாமா எடுத்தபோது பின்னால் ஆட்களின் சத்தமும், நெருப்பின் சீறலும் கேட்டன. எங்கே நிற்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று மாமா தொடங்கினார்.

"அண்ணன், ஒண்டு மட்டும் சொல்லுங்க. இவர் செத்துட்டாரா?"

மாமா எங்கோ நடந்து போகிற சத்தம், கதவு மூடுகிற சத்தம். பொம்பிளை வீட்டார் பழைய ஆட்கள், தேவன் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள், ஜனாவின் வாழ்க்கை, ஒரு குறை சொல்ல வரக் கூடாது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். உன் மனம் நோகக் கூடாதென்றுதான் சந்தோசமாக அனுப்பினோம் என்றார்.

"அவங்களக் கேக்கல்ல. உங்களக் கேக்கிறன்."

"முப்பத்திமூண்டு வருசமாச்சே, புஸ்பம்."

சின்னம்மா தலையை ஆட்டினார். போனில் அது தெரியாது என்பதே நினைவில்லாதவர்போல் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சிவப்புப் பொத்தானை அமத்தினார்.

கணவர் செத்தாரா, செத்தால் எந்த நாள் என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. திதி கொடுக்க முடியவில்லை, அழுது முடிக்க முடியவில்லை. இப்போது நாள் குறித்தாகிவிட்டது. ஆவணி மாதம், வியாழக்கிழமை, வோபர்னில் ஒரு கார்க் கராஜில், கூடப் பிறந்தவனும் அவன் மனைவியும் சேர்ந்து தேவராசாவைச் சாகடித்துவிட்டார்கள். அதைப் பார்க்க வேண்டாமென்று மனைவியைக் கடல் பார்க்க அனுப்பியிருந்தார்கள். இதைச் சின்னம்மா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவர் அந்த வாங்கில் வைத்துச் சொன்னது வேறு.

திரும்புவோம், இரவிரவாக ஓட்டினால் நாளைக்குப் போய்விடலாம், போய் எல்லோரையும் கேட்போம் என்று நான் எழுந்துவிட்டேன். ஜனாவைக் கூப்பிடப் போனையும் எடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அவனக் கேக்காத. அவனுக்கு ஒண்டும் தெரியா. இதுகள் ரெண்டும் அவன்ட ஆசையப் பாவிச்சிருக்குதுகள்." பணிஸ் கடதாசியைக் கசக்கிக்கொண்டே, "மறுகா அடுத்தது என்ன ஊர்? அவன் காசு குடுத்துப் பதிஞ்ச இடமெல்லாம் போவம்," என்றார்.

தண்ணீர் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி, சில்லுகளைத் தட்டிப் பார்த்து, கார்த் திறப்பை என்னிடம் கேட்டு வாங்கி அவரே ஓட்டினார். செடியாக் என்ற ஊரில் வீடளவு பெரிய சிங்கி இறால் சிலை இருக்கிறது. அதன் கொடுக்குக்குக் கீழே நின்று படம் எடுக்கச் சொன்னார். எடுத்ததைப் பார்த்து, முகம் சரியில்லை, இன்னொன்று எடு என்றார். சிரிக்கிற படம் வரும்வரை எடுத்து அதை ஜனாவுக்கு அனுப்பினார். அவன் இதயம் ஒன்று அனுப்பினான். பார்த்தாயா என்று எனக்குக் காட்டினார். மிச்ச நாட்களில் தங்கிய ஊர்களின் பெயர்கள் எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தபோது கராஜ் கழுவித் துடைத்திருந்தது. மாமி ஓடி வந்து பைகளை வாங்கினார். ஐயர் திடீரென்று நாளை மாற்றிவிட்டார் என்ற கதையைச் சொல்லத் தொடங்கி, மாமாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். தேத்தண்ணீர் போட்டுத் தருகிறேன் என்று குசினிக்குள் போனார். சின்னம்மா அவர் பின்னால் போய், வாங்கி வந்த மேப்பிள் பாணிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அந்த வீட்டில் அதைப் பற்றி வேறு பேச்சே நடக்கவில்லை.

கலியாணத்துக்கு அவர் போனார். அரக்குச் சேலைதான் கட்டினார், பொட்டும் வைத்தார். மண்டபத்தில் பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். சாப்பாட்டு நேரம் மணப்பெண் தக்ஷிகாவின் தாய் எங்களைத் தேடி வந்து சின்னம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இப்ப காய்ச்சல் சுகமோ? பொன்னுருக்குக்கு உங்களக் காணேல்ல எண்டு நான் கேட்டனான். வளத்த தாய் நிக்காமல் என்ன பொன்னுருக்கு?"

சுகம் என்றார் சின்னம்மா. அந்தப் பெண் போன பிறகு, கேட்டியா புள்ள, அண்ணன் சொன்னதுபோல அவங்க ஒன்றும் கேட்கவே இல்லை என்றார். வடையைப் பிய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார். நான் மறுபடியும் ஜனாவைக் கேட்கிறேன் என்றேன். மணவறையில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஒருத்தனை விட்டுவிடு என்றார்.

ஐப்பசியில் அவர் மாமா வீட்டை விட்டு வெளியேறினார். மார்க்கம் றோட்டுப் பக்கம் ஒரு நிலக்கீழ் அறை. பாடசாலை பஸ்கள் நிற்கும் இடத்துக்குக் கிட்ட என்று காரணம் சொன்னார். மாமா இரண்டு தடவை வந்து கதவடியில் நின்று பேசிவிட்டுப் போனார். உள்ளே வரச் சொல்லவில்லை. நவராத்திரிக்கு யாருடைய வீட்டுக்கும் போகவில்லை, யாராவது கூப்பிட்டால் பஸ் இருக்கிறது என்றார். நாகலட்சுமி அன்ரியோடு மட்டும் பழையபடி நடக்கப் போனார். அவரிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அது ஆசையாய்த் தொட்டது என்பார்.

பொட்டை மட்டும் அவர் எடுக்கவில்லை. ஆனால் காலையில் அதை வைக்கும்போது நேரம் எடுத்தது. நான் அங்கே தங்கிய நாட்களில் கண்ணாடிக்கு முன்னால் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் அது பல் துலக்குகிற மாதிரி நடந்த காரியம்.

ஜனாவும் தக்ஷிகாவும் யூனியன்வில்லில் வீடு வாங்கிப் போனார்கள். பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் ஜனா கூப்பிடுவான். அந்த அழைப்பு வந்தால் சின்னம்மாவின் குரலே மாறும். ஏன் மாமி தனியாகப் போனீர்கள் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அவனுக்கு எப்படித் தெரியும், ஆம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் விளங்குமா என்று அதற்கும் சின்னம்மாவிடம் பதில் இருந்தது. அண்ணனிலும் மச்சாளிலும் இழந்ததையெல்லாம் அந்த ஒருவனில் சேர்த்து வைத்திருந்தார்.

ஒரு வருடம் போய், அடுத்த மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜனா குரல்செய்தி அனுப்பியிருந்தான். எத்தனை தடவை கேட்டார் என்று தெரியாது. போனை என்னிடம் நீட்டி, நீயும் கேள், எனக்குச் சரியாகத்தான் விளங்கினதா என்று சொல் என்றார்.

நான் அமத்தினேன்.

"மாமி, ஜனா பேசுறன். ஒரு ஹப்பி நியூஸ். தக்ஷிக்கு ஏப்ரல்ல டேட் குடுத்திருக்காங்க. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, பிள்ளையத் தூக்கிக்கொண்டு படி ஏற மாட்டா. நீங்க வந்து ஒரு ரெண்டு மூண்டு மாசம் எங்களோட நிக்கேலுமா? என்ன வளத்த மாதிரி வளத்துத் தாங்க, தமிழும் வந்திடும். முப்பத்தோராம் நாள் தொட்டிலில போடுற ஃபங்ஷனுக்கும் நில்லுங்க, அதுக்கு நீங்க நிண்டா பிழை இல்லையாம், நான் அம்மாட்டக் கேட்டிட்டன். பொன்னுருக்குத்தான் ஸ்ரிக்ட் எண்டு சொன்னதால அண்டைக்கு நானே ஐடியா போட்டு அந்த ட்ரிப்ப புக் பண்ணினன். நீங்களும் நல்லா என்ஜோய் பண்ணினீங்கதானே, ஃபோட்டோ எல்லாம் பாத்தனான். இந்த முறை ஒரு இடமும் அனுப்பமாட்டன் மாமி, ப்ரொமிஸ். ஓகே, கோல் பண்ணுங்க."